வெப்சைட் இருக்கிறது, போன் மட்டும் வரவில்லை

காங்கேயம் பக்கம் மரச்செக்கு எண்ணெய் விற்கும் கடைக்காரர் ஒருவர் போன மாதம் கூப்பிட்டார். வெப்சைட் போட்டுப் பதினான்கு மாதம் ஆகிறது, அதன் வழியாக ஒரு ஆர்டர்கூட வரவில்லை, கூகுளில் முன்னால் கொண்டுவருகிறேன் என்று ஒரு ஆள் மாதாமாதம் காசு கேட்கிறார், கொடுக்கலாமா என்றார். அதை அப்புறம் பார்க்கலாம், முதலில் உங்கள் வெப்சைட்டில் இருக்கிற விசாரணை ஃபார்மில் நீங்களே இரண்டு லிட்டர் கடலை எண்ணெய் கேட்டு எழுதிப் போடுங்கள் என்றேன். போட்டார். 'நன்றி, விரைவில் தொடர்பு கொள்கிறோம்' என்று திரையில் வந்தது. மெயில் வரவே இல்லை. இந்தப் பதினான்கு மாதத்தில் எத்தனை பேர் அதே நன்றியைப் பார்த்துவிட்டு வேறு கடைக்குப் போனார்கள் என்பது இனி யாருக்கும் தெரியப்போவதில்லை.

கடைமடைக்குத் தண்ணீர் வரவில்லை என்றால் உடனே யாரும் அணையைப் போய்ப் பார்ப்பதில்லை. வாய்க்கால் கரையோரமாக நடந்து எங்கே உடைப்பு, எங்கே அடைப்பு என்று பார்ப்போம். பரம்பிக்குளம்-ஆழியாறு (பிஏபி) வாய்க்கால் கடைமடைக்காரர்களுக்கு இதை நான் சொல்லவேண்டியதில்லை. வெப்சைட்டும் அப்படித்தான்: ஒருவர் தேடுகிறார், உங்கள் பெயர் கண்ணில் படுகிறது, தொடுகிறார், பக்கம் திறக்கிறது, படிக்கிறார், கேட்கிறார், கேட்டது உங்களிடம் வந்து சேர்கிறது, நீங்கள் பதில் சொல்கிறீர்கள். இதில் ஏதோ ஓர் இடத்தில்தான் அறுந்திருக்கும். எந்த இடம் என்று தெரியாமல் விளம்பரத்துக்குக் கொட்டுகிற காசு உடைப்பு வழியாகத்தான் போகும்.

உங்கள் கோளாறு எது என்று பார்த்து அந்தப் பகுதிக்கு நேராகப் போங்கள். எல்லாவற்றையும் படிக்கவேண்டியதில்லை. ஒன்று மட்டும்: சோதனை எதையும் உங்கள் போனில், உங்கள் கூகுள் கணக்கில் இருந்தபடி செய்யாதீர்கள். நீங்கள் தினமும் திறக்கிற தளம் என்று தெரிந்து உங்களுக்கு மட்டும் அதை மேலே காட்டக்கூடும். மறைநிலைச் சாளரத்தில் தேடுங்கள், இல்லாவிட்டால் வெளியூரில் இருக்கும் மச்சானைத் தேடச் சொல்லி ஸ்கிரீன்ஷாட் வாங்குங்கள்.

ஃபார்ம் நிரப்புகிறார்கள், மெயில் வரவில்லை

இதை முதலில் வைப்பதற்குக் காரணம், நான் பார்த்த சின்ன வெப்சைட்டுகளில் அதிகம் உடைந்து கிடப்பதும், உடைந்தது யாருக்கும் தெரியாமலே இருப்பதும் இதுதான்.

முதலில் ஸ்பாம் பெட்டியைப் பாருங்கள். அங்கே இருந்தால் பாதி வேலை முடிந்தது. அங்கேயும் இல்லை என்றால் ஃபார்மின் அமைப்புக்குள் போய், மெயில் எந்த முகவரிக்குப் போகிறது என்று பாருங்கள். வெப்சைட் செய்துகொடுத்த பையனின் சொந்த முகவரி அங்கே இருப்பது அபூர்வம் இல்லை. சோதனைக்காகப் போட்டிருப்பார், மாற்ற மறந்திருப்பார், அவரும் இப்போது வேறு வேலையில் இருப்பார்.

முகவரி சரியாக இருந்தால் அடுத்த சந்தேகம் 'அனுப்புநர்' மீது. பல ஃபார்ம்களில், நிரப்பியவரின் மெயில் முகவரியையே அனுப்புநராகப் போட்டு அனுப்பும்படி அமைத்திருப்பார்கள், பதில் அனுப்ப வசதியாக இருக்கட்டும் என்று. அங்கேதான் சிக்கல். வாடிக்கையாளரின் ஜிமெயில் முகவரியை வைத்துக்கொண்டு உங்கள் வெப்சைட் குடியிருக்கும் ஹோஸ்டிங் சர்வர் மெயில் அனுப்புகிறது. வாங்குகிற பக்கம், இது கூகுளின் சர்வரிலிருந்து வரவில்லையே, யாரோ வேஷம் போடுகிறார்கள் என்று ஓரங்கட்டிவிடும், அல்லது வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடும். சரிசெய்வது சுலபம். அனுப்புநர் இடத்தில் உங்கள் சொந்த டொமைன் (வெப்சைட் பெயர்) முகவரி, 'பதில் அனுப்ப' என்ற இடத்தில் வாடிக்கையாளர் முகவரி. அவ்வளவுதான்.

அதற்கும் சரியாகவில்லை என்றால் டொமைனின் டிஎன்எஸ் பதிவுகளை, அதாவது அந்தப் பெயருக்கு வெப்சைட்டும் மெயிலும் எங்கே இருக்கின்றன என்று சொல்லும் பட்டியலைப் பார்க்கவேண்டும். இந்த டொமைன் பெயரில் எந்தெந்த சர்வர் மெயில் அனுப்பலாம் என்று சொல்லுகிற எஸ்பிஎஃப், மெயிலுக்குக் கையெழுத்துப் போடுகிற டிகேஐஎம், இரண்டிலும் தேறாத மெயிலை என்ன செய்வது என்று சொல்லுகிற டிமார்க், இந்த மூன்றும் இருக்கிறதா என்று ஹோஸ்டிங்காரரைக் கேளுங்கள். 2024 பிப்ரவரியிலிருந்து ஜிமெயில் இந்த விஷயத்தில் கறாராகிவிட்டது. மொத்தமாக அனுப்புகிறவர்களுக்குத்தான் மூன்றும் கட்டாயம் என்றாலும், எதுவும் இல்லாத டொமைனிலிருந்து ஒற்றை மெயில் போனாலும் சந்தேகத்தோடுதான் பார்க்கிறது. வெப்சைட் கட்டியது வேர்ட்பிரஸ் என்ற மென்பொருளில் என்றால், மெயில் அனுப்புவதற்கான எஸ்எம்டிபி பிளக்இன் (சேர்ப்பு நிரல்) ஒன்றைப் போட்டு, உண்மையான மெயில் கணக்கு வழியாக அனுப்ப வைத்துவிட்டால் பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

இன்னொரு வகை: ஃபார்ம் மட்டும் இல்லை, டொமைன் பெயரில் வருகிற எல்லா மெயிலுமே நின்றுவிட்டது. போன வாரம் வெப்சைட்டை வேறு ஹோஸ்டிங்குக்கு மாற்றினீர்களா? இந்தப் பதிவுகளை வைத்திருக்கும் நேம்சர்வரை மாற்றும்போது, மெயில் எங்கே போகவேண்டும் என்று சொல்லுகிற எம்எக்ஸ் பதிவுகளைப் புது இடத்தில் எழுத மறந்திருப்பார்கள். வெப்சைட் அழகாகத் திறக்கும், அதனால் யாருக்கும் சந்தேகமே வராது.

என்ன செய்தாலும், மாதம் ஒருமுறை நீங்களே ஒரு விசாரணை போட்டுப் பாருங்கள். ஃபார்ம் பிளக்இன் எதுவாக இருந்தாலும், வந்த விவரங்களை வெப்சைட்டுக்குள்ளேயே ஒரு நகல் சேமிக்கும் வசதி இருந்தால் அதையும் போட்டுவையுங்கள்.

கடைப் பெயரைத் தேடினாலே கூகுளில் வரவில்லை

தேடல் பெட்டியில் ஆங்கிலத்தில் 'சைட்' என்ற சொல், அதை ஒட்டி முக்காற்புள்ளி, அதை ஒட்டி இடைவெளி விடாமல் உங்கள் வெப்சைட் முகவரி, இப்படி எழுதித் தேடுங்கள். ஒரு பக்கம்கூட வராவிட்டால் கூகுளின் பட்டியலில் நீங்கள் அனேகமாக இல்லை.

வேர்ட்பிரஸ் என்றால் நேராகச் செட்டிங்ஸ், அதற்குள் ரீடிங். 'தேடுபொறிகள் இந்தத் தளத்தைப் பட்டியலிட வேண்டாம்' என்ற பொருளில் ஒரு கட்டம் இருக்கும். தளத்தைக் கட்டும்போது டிக் செய்து வைப்பார்கள், திறப்புவிழா நாளில் எடுக்க மறந்துவிடுவார்கள். கடைக்குப் பெரிய போர்டு வைத்துவிட்டு ஷட்டரை இறக்கியே வைத்திருப்பது மாதிரி. டிக்கை எடுங்கள்.

அது காரணம் இல்லை என்றால் கூகுள் சர்ச் கன்சோலில் தளத்தைச் சேருங்கள், இலவசம்தான். மேலே இருக்கும் பெட்டியில் உங்கள் பக்கத்தின் முகவரியைப் போட்டால், அந்தப் பக்கம் பட்டியலில் இருக்கிறதா, இல்லை என்றால் ஏன் இல்லை என்று அதுவே சொல்லும். 'பார்த்தோம், இப்போதைக்குச் சேர்க்கவில்லை' என்று வந்தால் அது கோளாறு இல்லை, கூகுளின் தீர்ப்பு: நாலு வரி எழுதி, அதையும் வேறு தளத்திலிருந்து எடுத்து ஒட்டிய பக்கமாக இருக்கும்.

'வெப்சைட்' என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருப்பது, மேப்பில் கடையைக் காட்டும் கூகுள் பிசினஸ் புரொஃபைலோடு இலவசமாகக் கொடுத்த ஒற்றைப் பக்கத் தளமா? அந்தச் சேவையை 2024 மார்ச்சில் கூகுள் நிறுத்திவிட்டது. கொஞ்ச நாள் அந்த முகவரியைத் தொட்டவர்களைப் புரொஃபைலுக்குத் திருப்பிவிட்டார்கள், ஜூன் 10-க்குப் பிறகு அதுவும் இல்லை. விசிட்டிங் கார்டிலும் எண்ணெய் பாட்டில் லேபிளிலும் அந்த முகவரி இன்னும் இருந்தால் அடுத்த முறை அச்சடிக்கும்போது மாற்றுங்கள்.

பெயரைத் தேடினால் வருகிறது, பொருளைத் தேடினால் வரவில்லை

உங்கள் பெயரைத் தெரிந்தவர் எப்படியும் உங்களிடம் வந்துவிடுவார். 'மரச்செக்கு நல்லெண்ணெய் விலை' என்று தேடுகிறவர்தான் புது ஆள்.

முதல் காரணம், அந்தச் சொற்கள் உங்கள் தளத்தில் எழுத்தாகவே இல்லை. போட்டோஷாப்பில் செய்த பேனர்களை வரிசையாக ஏற்றிவைத்திருப்பார்கள். பொருள் பெயர், விலை, பயன், எல்லாம் படத்துக்குள். கண்ணுக்கு எழுத்து, கணினிக்குப் படம். ஒவ்வொரு பொருளுக்கும் தனிப் பக்கம் போட்டு, கடையில் வாடிக்கையாளரிடம் என்ன சொல்வீர்களோ அதை எழுத்தாகவே எழுதுங்கள். எந்த எள், எத்தனை மணி நேரம் ஆட்டுகிறீர்கள், எத்தனை நாள் வெயிலில் தெளிய வைக்கிறீர்கள், எத்தனை மாதம் கெடாது. 'எங்கள் நிறுவனம் தரத்தில் சமரசம் செய்வதில்லை' என்ற வாக்கியத்தை யாரும் தேடுவதில்லை.

இரண்டாவது காரணம் நம் ஊருக்கே உரியது. அச்சகத்தில் பழகியவர்கள் பாமினி, வானவில் மாதிரி பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்ததை அப்படியே வெப்சைட்டில் ஒட்டியிருப்பார்கள். அந்த எழுத்துரு தளத்தோடு சேர்ந்து இறங்குவதால் திரையில் நல்ல தமிழாகத் தெரியும். ஆனால் உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் கலந்த குப்பை. கூகுள் படிப்பது அந்தக் குப்பையைத்தான். சோதிக்க ஒரு வழி: தளத்திலிருந்து ஒரு வரியை நகலெடுத்து வாட்ஸ்ஆப்பில் ஒட்டிப் பாருங்கள். தமிழாக வந்தால் யூனிகோடு என்ற பொது எழுத்துமுறை, பிழைத்தீர்கள். குப்பையாக வந்தால் மாற்றிக்கொடுக்கும் கருவிகள் இணையத்தில் இலவசமாகவே இருக்கின்றன. தமிழ்நாடு அரசே 2010-இல் யூனிகோடை ஏற்றுக்கொண்டுவிட்டது, அச்சுக் கடைகளில் மட்டும் பாமினி இன்னும் சாகவில்லை.

யூனிகோடாகவே இருந்தாலும் ஒரு சின்ன வேடிக்கை உண்டு. கடைப் பெயர் 'ஸ்ரீ'யில் தொடங்குகிறதா? அந்த எழுத்தைக் கணினியில் இரண்டு விதமாக எழுதலாம். பழைய முறையில் 'ஸ'வில் தொடங்கும். 2005-இல் யூனிகோடில் 'ஶ' என்ற எழுத்து தனியாகச் சேர்ந்த பிறகு அதில் தொடங்குவது முறையானது என்றார்கள். பல எழுத்துருக்களில் இரண்டும் அச்சாக ஒரே மாதிரி தெரியும், ஆனால் ஒன்றைத் தேடினால் மற்றது அகப்படாமல் போகலாம். உங்கள் தளத்தின் தேடல் பெட்டியிலோ எக்செல் பட்டியலிலோ 'ஸ்ரீ' என்று போட்டால் பாதிப் பெயர்கள் காணாமல் போகிறது என்றால் காரணம் பேய் இல்லை, இதுதான்.

அப்புறம், வாடிக்கையாளர் தமிழில் நினைத்து ஆங்கில எழுத்தில் தட்டச்சு செய்வார். பொருளின் தமிழ்ப் பெயர், ஆங்கிலப் பெயர், தமிழ்ப் பெயரை ஆங்கில எழுத்தில் எழுதினால் வருவது, மூன்றும் அந்தப் பக்கத்தில் எங்காவது இயல்பாக இருக்கட்டும். பத்து முறை திணிக்கவேண்டாம்.

மேப்பில் கடை வரவில்லை, அல்லது புரொஃபைலை முடக்கிவிட்டார்கள்

பக்கத்தில் இருப்பவர் தேடும்போது எந்தக் கடையைக் காட்டுவது என்பதற்குக் கூகுளே சொல்லுகிற அளவுகோல் மூன்று: தேடியதோடு எவ்வளவு தொடர்பு, எவ்வளவு தூரம், எவ்வளவு பெயர் பெற்ற கடை. தூரத்தை நீங்கள் மாற்ற முடியாது. திருப்பூரில் தேடுகிறவருக்குக் காங்கேயம் கடை முதலில் வராது, அதற்காக யாருக்கும் காசு கொடுக்காதீர்கள். ஆனால் 'மளிகைக் கடை' என்று தவறான வகையில் சேர்த்திருந்தால் அதை இன்றே மாற்றலாம். நேரம், விடுமுறை, போன் எண், போர்டு தெரிகிற மாதிரி வாசல் போட்டோ, இதெல்லாம் ஒரு மத்தியான வேலை.

முடக்கப்பட்டது என்றால் நான் முதலில் பார்ப்பது பெயரை. போர்டில் இருப்பதுதான் பெயர். 'பெஸ்ட் மரச்செக்கு எண்ணெய் காங்கேயம் ஹோம் டெலிவரி' என்றெல்லாம் பெயரோடு ஒட்டுவது விதிமீறல். எதிர்க்கடைக்காரர் ஒரு புகார் தட்டினால் போதும். பெயரைத் திருத்திவிட்டு அப்புறம் மேல்முறையீடு செய்யுங்கள், வரிசை முக்கியம்.

வீடியோ சரிபார்ப்புக் கேட்டால் தெருவில் தொடங்கி, போர்டைக் காட்டி, சாவியால் கதவைத் திறந்து உள்ளே போய், செக்கையும் பில் போடும் இடத்தையும் காட்டுங்கள். இடையில் நிறுத்தாமல், வெட்டாமல் ஒரே ஓட்டமாக எடுக்கவேண்டும். கல்யாண வீடியோ மாதிரி பாட்டுச் சேர்த்து அனுப்பித் திரும்பி வந்தவர்கள் உண்டு.

தளம் திறக்கவே இல்லை, அல்லது 'பாதுகாப்பற்றது' என்கிறது

திறக்கவில்லை என்றால், டொமைன் காலாவதியா என்று முதலில் பாருங்கள். டாட் காம் என்றால் நாள் கடந்ததும் உடனே கைவிட்டுப் போய்விடாது. முதலில் பதிவு நிறுவனம் கொஞ்ச நாள் சலுகை கொடுக்கும், அது ஒவ்வொரு நிறுவனத்துக்கும் ஒரு மாதிரி. அதன் பிறகு 30 நாள் மீட்புக் காலம், அதில் அபராதம் போல ஒரு பெரிய தொகை கேட்பார்கள். அதுவும் போனால் ஐந்து நாளில் பொதுச் சந்தைக்கு வந்துவிடும்.

காலாவதி ஆகவில்லை, பணம் கட்டியாயிற்று, இருந்தும் திறக்கவில்லையா? டொமைனைப் புதிதாக வாங்கியோ உரிமையாளர் விவரத்தை மாற்றியோ இரண்டு வாரம் ஆகியிருக்கிறதா என்று நினைத்துப் பாருங்கள். உங்கள் மெயில் முகவரியை உறுதிசெய்யச் சொல்லி ஒரு மெயில் வந்திருக்கும். 15 நாளுக்குள் அதைத் தொடாவிட்டால் டாட் காம் போன்ற டொமைன்களை நிறுத்திவைக்கவேண்டும் என்பது பதிவு நிறுவனங்களுக்கான விதி. மெயிலைத் தேடி எடுத்துத் தொட்டுவிட்டால் சில மணி நேரத்தில் பெரும்பாலும் திரும்பிவிடும்.

இங்கேதான் பெரிய கேள்வி. டொமைன் யார் பெயரில் இருக்கிறது? வெப்சைட் செய்தவர் தன் கணக்கில் வாங்கி வைத்திருந்தால், வாடகை கொடுக்கிற கடைக்கு வேறொருவர் பெயரில் பட்டா இருப்பது போலத்தான். அவரோடு நல்ல உறவில் இருக்கும்போதே உங்கள் பெயருக்கு, உங்கள் மெயிலுக்கு மாற்றி வாங்கிக்கொள்ளுங்கள். சண்டை வந்த பிறகு கேட்டால் போனை எடுக்கமாட்டார்.

'பாதுகாப்பற்றது' என்று முகவரிக்குப் பக்கத்தில் வருவது வேறு. தளத்துக்கும் பார்ப்பவருக்கும் இடையில் போவதைப் பூட்டிவைக்கும் எஸ்எஸ்எல் சான்றிதழ் இல்லாத எல்லாத் தளத்தையும் குரோம் 2018 ஜூலையிலிருந்து அப்படித்தான் காட்டுகிறது. முழுத் திரைக்கு எச்சரிக்கை வந்தால் சான்றிதழ் இருந்து காலாவதியாகியிருக்கலாம். லெட்ஸ் என்கிரிப்ட் தருகிற இலவசச் சான்றிதழ் வழக்கமாக 90 நாள்தான் செல்லும். தானாகப் புதுப்பித்துக்கொள்ளும்படி ஹோஸ்டிங்கில் அமைத்திருப்பார்கள், அது எப்போதாவது தடுக்கிவிழும். ஹோஸ்டிங் உதவிக்கு ஒரு டிக்கெட் போட்டால் போதும். இதற்கு ஆயிரக்கணக்கில் யாராவது கேட்டால் கொடுக்காதீர்கள்.

திறக்கிறது, ஆனால் திறப்பதற்குள் டீ குடித்துவிட்டு வந்துவிடலாம்

பத்தில் எட்டு முறை படங்கள்தான் என்று என் அனுபவத்தில் சொல்வேன். போனில் எடுத்த படம் ஒன்றே நாலைந்து எம்பி இருக்கும், அதை அப்படியே ஏற்றி, முகப்பில் ஐந்து படம் சுழல விட்டிருப்பார்கள். அகலம் 1200 பிக்சலுக்குக் குறைத்து வெப்பி என்ற பட வடிவில் சேமித்தால் பெரும்பாலான படங்கள் 200 கேபிக்குள் அடங்கிவிடும். சுழலும் பேனரை எடுத்தே விடுங்கள், இரண்டாவது படத்துக்கு மேல் யாரும் காத்திருப்பதில்லை. பேஜ்ஸ்பீடு இன்சைட்ஸ் என்ற கூகுளின் சோதனைப் பக்கத்தில் போன் பகுதியைப் பாருங்கள். முக்கியமான பகுதி கண்ணுக்குத் தெரிய 2.5 வினாடிக்குள் இருந்தால் நல்லது என்பது அவர்கள் கணக்கு. 100-க்கு 100 மதிப்பெண் வாங்குவதில் பொழுதைப் போக்காதீர்கள்.

ஆட்கள் வருகிறார்கள், யாரும் வாங்குவதில்லை

முதலில், வருகிறார்கள் என்பது உண்மையா? ஒன்றுமே பதிவாகவில்லை என்றால், வருகையை எண்ணும் கூகுளின் பழைய யுனிவர்சல் அனலிட்டிக்ஸ் நிரலை வைத்திருப்பீர்கள். அது 2023 ஜூலை 1-இலேயே எண்ணுவதை நிறுத்திவிட்டது.

உண்மையாகவே வருகிறார்கள் என்றால் உங்கள் போனில் தளத்தைத் திறந்து, வாட்ஸ்ஆப் பொத்தானைத் தொடுங்கள். எண் செல்லாது என்று வந்தால், சுட்டியில் எண்ணை எழுதிய விதம் தவறு. நாட்டு எண் 91 முன்னால், அதை ஒட்டிப் பத்து இலக்கம், பிளஸ் குறி வேண்டாம், பூஜ்ஜியம் வேண்டாம், இடைவெளி வேண்டாம். போன் எண் படத்துக்குள் இருந்தால் அதைத் தொட்டுக் கூப்பிட முடியாது, எழுத்தாக்குங்கள்.

அடுத்தது விலை. 'விலைக்கு அழைக்கவும்' என்று போட்டால் அழைப்பார்கள் என்று நினைக்கிறோம். பெரும்பாலானவர்கள் அடுத்த தளத்துக்குப் போகிறார்கள். எண்ணெய் விலை தினமும் மாறும் என்பது சரிதான், 'இன்றைய விலை' என்று தேதி போட்டு எழுதுங்கள். லிட்டரா கிலோவா என்று எழுதுங்கள். ஒரு லிட்டர் எண்ணெய் சுமார் 910 கிராம்தான் இருக்கும், கிலோ என்று நினைத்து வாங்கியவர் வீட்டுத் தராசில் வைத்துப் பார்த்துவிட்டு எழுதும் ரிவ்யூ நன்றாக இருக்காது. அனுப்பும் செலவு எவ்வளவு, எத்தனை நாளில் வரும், டின் வழியில் ஒழுகினால் யார் பொறுப்பு, இந்த மூன்றுக்கும் பதில் இல்லாத பக்கத்தில் முன்பின் தெரியாதவர் பணம் கட்டமாட்டார்.

சட்டப்படியும் சில விஷயம் இருக்கிறது. பொட்டலப் பொருளை இணையத்தில் விற்றால் அதிகபட்ச விலை, நிகர அளவு, தயாரித்தவர் பெயர் முகவரி முதலியவற்றைத் தளத்திலேயே காட்டவேண்டும் என்பது 2018 ஜனவரி 1 முதல் விதி. 2020-இல் வந்த மின்வணிக விதிகள், குறைதீர்ப்பு அலுவலர் பெயரும் தொடர்பும் போடச் சொல்கின்றன. புகார் வந்தால் 48 மணி நேரத்தில் கிடைத்தது என்று சொல்லவேண்டும், ஒரு மாதத்தில் தீர்க்கவேண்டும். சின்னக் கடையில் அந்த அலுவலர் நீங்களேதான், போட்டுவிடுங்கள். உணவுப் பொருள் என்றால் 14 இலக்க எஃப்எஸ்எஸ்ஏஐ (உணவுப் பாதுகாப்பு) உரிம எண்ணும். இதையெல்லாம் சட்டத்துக்குப் பயந்து மட்டும் செய்யவேண்டாம், முகவரியும் உரிம எண்ணும் இருக்கிற தளத்தை ஆட்கள் நம்புகிறார்கள்.

பணம் கட்டும் இடத்தில் இணையத்தில் பணம் வாங்கித் தரும் பேமெண்ட் கேட்வே நிறுவனம் உங்களைச் சேர்க்க மறுக்கிறது என்றாலும் காரணம் பெரும்பாலும் இதே ரகம்: பணம் திருப்பித் தரும் விதி, தனியுரிமை, தொடர்புப் பக்கங்கள் இல்லை, அல்லது வேறொரு தளத்திலிருந்து நகலெடுத்ததில் அந்தக் கம்பெனியின் பெயர் அப்படியே இருக்கிறது.

வாட்ஸ்ஆப்பில் எல்லோருக்கும் அனுப்புகிறேன், பதிலே இல்லை

பிராட்காஸ்ட் பட்டியலில் அனுப்புவது, உங்கள் எண்ணைத் தன் போனில் சேமித்து வைத்திருப்பவருக்கு மட்டும்தான் போய்ச் சேரும். மற்றவர்களுக்குப் போகவே போகாது, ஒற்றை டிக்கோடு நிற்கும். பில் போடும்போது எண்ணைச் சேமிக்கச் சொல்லிக் கேளுங்கள். காசு கொடுத்து வாங்கிய எண் பட்டியலுக்கு அனுப்பினால் புகார் குவிந்து உங்கள் எண்ணே முடங்கும், அப்புறம் கடை எண்ணையே மாற்றவேண்டியதுதான்.

விளம்பரக் காசு கரைகிறது, ஆர்டர் இல்லை

கூகுள் விளம்பரத்தில், உண்மையில் மக்கள் என்ன தேடியபோது உங்கள் விளம்பரம் வந்தது என்று காட்டுகிற 'தேடல் சொற்கள்' அறிக்கையை முதலில் திறங்கள். எண்ணெய்க் கடைக்காரர் ஒருவரின் கணக்கில் நான் பார்த்தது: 'மரச்செக்கு மெஷின் விலை', 'செக்கு எண்ணெய் தொழில் தொடங்குவது எப்படி', 'எண்ணெய் மில் வேலை'. எண்ணெய் வாங்க வந்தவர்கள் கொஞ்சம், போட்டிக்குக் கடை போட வந்தவர்கள் அதிகம், அவர்கள் ஒவ்வொருவர் தொட்டதற்கும் இவர் காசு கொடுத்திருக்கிறார். கீவேர்டை, அதாவது விளம்பரம் காட்ட நாம் கொடுக்கும் தேடல் சொல்லை, கொஞ்சம் ஒட்டினாலே காட்டுகிற 'பரந்த பொருத்தம்' என்ற இயல்புநிலையிலேயே விட்டதன் விளைவு. மெஷின், தொழில், வேலை, பயிற்சி, மானியம், இதையெல்லாம் விலக்குச் சொற்களாகச் சேர்த்தோம். வாரம் ஒருமுறை அந்த அறிக்கையைப் பார்த்துப் புதுக் களைகளைப் பிடுங்கவேண்டும்.

அடுத்தது இடம். 'திருப்பூர் மாவட்டம்' என்று தேர்ந்தெடுத்தாலும், இயல்புநிலையில் அங்கே இருப்பவர்களோடு அந்த இடத்தில் ஆர்வம் காட்டியவர்களுக்கும் காட்டும். டெல்லியில் உட்கார்ந்து திருப்பூர் பனியன் தேடுகிறவரும் அதில் வரலாம். இடத்தில் இருப்பவர்களுக்கு மட்டும் என்று மாற்றுங்கள். புதுத் தேடல் விளம்பரம் தொடங்கும்போது, மற்ற தளங்களும் ஆப்புகளும் அடங்கிய டிஸ்பிளே நெட்வொர்க்கிலும் காட்டு என்று டிக் போட்டே வைத்திருக்கும், அதையும் எடுங்கள். குழந்தைகள் விளையாடும் ஆப்புகளில் கைதவறித் தொடுவதற்கெல்லாம் நீங்கள் காசு கொடுக்கவேண்டாம்.

'தினம் 300 ரூபாய் போட்டேன், நேற்று 500-க்கு மேல் போய்விட்டது' என்பது கோளாறு இல்லை. ஒரு நாளில் இரண்டு மடங்கு வரை செலவழிக்கும், மாதக் கணக்கில் தினத்தொகையின் 30.4 மடங்கைத் தாண்டாது. 18 சதவீத ஜிஎஸ்டி தனி; உங்கள் ஜிஎஸ்டி எண்ணைக் கணக்கில் கொடுத்துவைத்தால் ஆடிட்டர் சந்தோஷப்படுவார்.

ஃபேஸ்புக்கில் 'பூஸ்ட்' பொத்தானைத் தட்டி லைக் மட்டும் வந்தது என்றால், நீங்கள் கேட்டது கிடைத்திருக்கிறது. ஈடுபாடு வேண்டும் என்று கேட்டால் லைக் போடுகிறவர்களாகத் தேடிப் பிடித்துக் காட்டும். ஆட்ஸ் மேனேஜருக்குள் போய், வாட்ஸ்ஆப் செய்தி வேண்டும் என்றோ விற்பனை வேண்டும் என்றோ கேட்கவேண்டும்.

விளம்பரம் ஏற்கப்படவே இல்லை என்றால் பொருளைப் பாருங்கள். சிவகாசிக்காரர்கள் வருஷா வருஷம் கேட்பார்கள்: பட்டாசு விளம்பரத்தைக் கூகுள் ஏற்காது, பட்டாசை இணையத்தில் விற்பதையே உச்ச நீதிமன்றம் 2018 அக்டோபரில் தடைசெய்துவிட்டது. இதற்குக் குறுக்கு வழி இருக்கிறது என்று சொல்லும் ஏஜென்சியிடம் முன்பணம் கொடுக்காதீர்கள்.

நன்றாக வந்துகொண்டிருந்தது, திடீரென்று நின்றுவிட்டது

முன்பு சொன்ன 'சைட்' தேடலை மறுபடி செய்யுங்கள். உங்கள் தளத்தின் பெயரில் ஜப்பானிய எழுத்தில் கைப்பை, கைக்கடிகாரம் விற்கிற பக்கங்கள் நூற்றுக்கணக்கில் வந்தால், உள்ளே ஆள் புகுந்துவிட்டான். நீங்கள் முகவரியை நேராகத் தட்டினால் தளம் ஒழுங்காகத்தான் திறக்கும், கூகுள் வழியாக வருகிறவரை மட்டும் வேறு எங்கோ தள்ளிவிடும். அதனால்தான் மாதக்கணக்கில் உரிமையாளருக்குத் தெரிவதில்லை. சர்ச் கன்சோலில் பாதுகாப்புச் சிக்கல்கள் பகுதியைப் பாருங்கள், நீங்கள் சேர்க்காத உரிமையாளர் யாராவது அங்கே இருக்கிறார்களா என்றும் பாருங்கள்.

வாசல் எங்கே என்று தேடினால் பெரும்பாலும் காசு கொடுக்காமல் இறக்கிய 'கிராக்' தீம் (தளத்தின் தோற்ற வடிவமைப்பு), அல்லது வருஷக்கணக்கில் புதுப்பிக்காத பிளக்இன். கிருமி நுழைவதற்கு முந்தைய பேக்கப் இருந்தால் அதைத் திரும்பப் போட்டு, எல்லாக் கடவுச்சொல்லையும் மாற்றி, அந்தத் தீமைத் தூக்கி எறியுங்கள். அதை வைத்துக்கொண்டு கிருமியை மட்டும் துடைத்தால் அடுத்த வாரம் திரும்ப வரும். ஹோஸ்டிங்கில் பேக்கப் எத்தனை நாளுக்கு வைத்திருப்பார்கள் என்று இன்றைக்கே கேட்டுவையுங்கள்.

காங்கேயத்துக்காரர் ஃபார்ம் சரியான மறுநாள் காலையிலேயே முதல் மெயில் வந்துவிட்டது. திறந்தால், உங்கள் வெப்சைட்டைக் கூகுளில் முதல் இடத்துக்குக் கொண்டுவருகிறோம் என்று ஒரு கம்பெனி. இரண்டாவது மெயிலுக்கு மூன்று நாள் ஆனது. ஓசூரிலிருந்து ஒருவர், 15 கிலோ டின் தேங்காய் எண்ணெய் அனுப்புவீர்களா, லாரி சர்வீஸ் வாடகை யார் கொடுப்பது என்று கேட்டிருந்தார். தளத்தில் அதற்கான பதில் எங்கும் இல்லை. இப்போது எழுதிக்கொண்டிருக்கிறார்.